டவர் விழுந்தாலும் ஊருக்குள் பேச: ராஸ்பெர்ரி பையில் உள்ளூர் பேச்சு வலை, முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 16 அன்று விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதன் பிறகு டெல்டாவின் கடலோர ஊர்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கையில் போன் இருந்தும், பக்கத்துத் தெருவுக்குச் சேதி சொல்ல ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

இங்கே சொல்லப்போவது அந்த மாதிரி நாளுக்கான ஏற்பாடு. ராஸ்பெர்ரி பை (இனி சுருக்கமாக ‘பை’) என்ற ஒரு சின்னக் கணினி, ஒரு பழைய வைஃபை ரவுட்டர், இரண்டுக்கும் பேட்டரி. இணையமோ சிம்மோ இல்லாமல், வைஃபை எட்டும் தூரத்தில் இருக்கும் போன்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசலாம், எழுத்திலும் சேதி அனுப்பலாம். வெளியூருக்கு இது போகாது. சென்னையில் இருக்கும் மகனிடம் பேச இது உதவாது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்களும் மொட்டை மாடியில் இருப்பவரும் சமையல் கொட்டகையில் இருப்பவரும் பேசிக்கொள்ள உதவும். இதை முதலிலேயே ஊரில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

புதிதாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் மென்பொருளில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது இதில் ஆறாவது படி. மின்சாரம், இடம், ரவுட்டர் ஆகிய மூன்றும் சரியாக இல்லாவிட்டால், என்ன மென்பொருள் போட்டாலும் தேவைப்படும் நாளில் வேலை செய்யாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. எப்போது ஆரம்பிப்பது

ஆவணியில் ஆரம்பித்து, புரட்டாசிக்குள் ஒத்திகை வரை முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய் போய் வரும். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கார்டு கெட்டுப்போகலாம்.

இன்னொரு காரணம், எல்லாவற்றையும் இணையம் இருக்கும்போதே இறக்கி வைக்க வேண்டும். கணினிக்கான இயங்குதளம், சர்வர் (போன்களின் பேச்சை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் மென்பொருள்), போனுக்கான செயலி, தமிழ் விசைப்பலகை என ஒன்று விட்டுப்போனாலும் புயல் நாளில் அதை எங்கிருந்தும் எடுக்க முடியாது.

2. என்னென்ன வேண்டும்

ராஸ்பெர்ரி பை 3 அல்லது 4 போதும். 5 வாங்க அவசியமில்லை, அது மின்சாரம் அதிகம் கேட்கும். கூடவே 32 ஜிபி மெமரி கார்டு இரண்டு, யூஎஸ்பி கார்டு ரீடர், ஒரு மீட்டர் லேன் கேபிள் ஒன்று. அமைக்கும் சமயத்தில் மட்டும் டிவியோ மானிட்டரோ, ஒரு கீபோர்டு, மவுஸ்.

ரவுட்டர் புதிதாக வாங்க வேண்டாம். ஃபைபர் இணைப்பு மாற்றிய வீடுகளில் பழைய ரவுட்டர் பரண்மேல் கிடக்கும். வெளியிலிருந்து இணைய லைன் வராவிட்டாலும் ரவுட்டரின் வைஃபையும் லேன் துளைகளும் வேலை செய்யும். நமக்கு அது போதும்.

பையில் வைஃபை இருக்கும்போது ரவுட்டர் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். பையின் ஆண்டெனா பலகைக்குள்ளேயே இருக்கிற மிகச் சின்ன ஒன்று. சுவர் ஒன்று தாண்டினாலே சிக்னல் தளர்ந்துவிடும். ஒரே நேரத்தில் சில போன்களுக்கு மேல் அது தாங்கவும் தாங்காது. பத்துப் பேர் கூடும் இடத்தில் ரவுட்டர் கட்டாயம் வேண்டும்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பேட்டரி நன்றாக இருக்கும் நிலையில் வீட்டில் இருந்தால், பைக்குப் பதில் அதையே பயன்படுத்தலாம். டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டால் கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். பேட்டரி செத்த மடிக்கணினியாக இருந்தால் வேண்டாம்.

3. மின்சாரம்

பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் தேவை. பை 3-க்கு 2.5 ஆம்பியர். போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போட்டால் வழியிலேயே வோல்ட் இறங்கிவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் குறி தோன்றும். அந்தக் குறியைப் பார்த்தும் பேசாமல் விட்டால் பை திடீர் திடீரென நின்று மறுபடி எழும். ஆட்கள் மென்பொருளைக் குறை சொல்வார்கள், கோளாறு கேபிளில் இருக்கும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பை 4 சும்மா இருக்கும்போதும் லேசான வேலையிலும் 3 முதல் 5 வாட் எடுக்கும். 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்கில் பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்குப்படி 74 வாட்-மணி இருக்கிறது. 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது கொஞ்சம் வீணாகி, கைக்கு 60 வாட்-மணி வரும். அதாவது பை மட்டும் ஓட ஏறக்குறைய 12 முதல் 20 மணி நேரம். ரவுட்டருக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் வேண்டும். அதற்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் வாங்கினால் தனியாக ஓடும்.

பவர் பேங்க் வாங்கும்போது இதைக் கடையிலேயே சோதியுங்கள். பவர் பேங்கில் போனை மாட்டி, பவர் பேங்கைச் சார்ஜரில் சொருகிப் பிடுங்குங்கள். சொருகும் நொடியிலோ பிடுங்கும் நொடியிலோ போன் சார்ஜ் ஆவது நின்று திரும்ப வந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்த ஒரு நொடிக்கே பை அணைந்துவிடும். பவர் பேங்குகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு.

நாள் கணக்கில் ஓட வேண்டுமென்றால் டிராக்டர் பேட்டரி இருக்கிறது. அதற்கு வண்டியில் மாட்டும் தரமான கார் சார்ஜர் வழியாகப் பைக்கு மின்சாரம் கொடுங்கள். பேட்டரி முனையில் நேரே கம்பி சுற்றுவதாக இருந்தால், நடுவில் ஃபியூஸ் போடாமல் செய்யக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓட்டலாம். ஆனால் 10 வாட் சாமானுக்காக இன்வெர்ட்டரை ஓடவிட்டால், அது தன்னை ஓட்டிக்கொள்ளவே அதே அளவோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

4. எங்கே வைப்பது

உயரத்தில் வையுங்கள். வெள்ளம் தரையில்தான் வரும், சிக்னலும் உயரத்திலிருந்துதான் நன்றாக இறங்கும். பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையம், பள்ளிக்கூட மாடி, கோயில் மண்டபத்தின் பரண், எதுவானாலும் மனிதர்கள் கூடும் இடத்துக்கு நடுவில் இருக்கட்டும். யாரையும் கேட்காமல் வைக்க வேண்டாம். தலைமையாசிரியரிடமோ ஊராட்சியிலோ முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

தடையில்லாத வெளியில் வீட்டு ரவுட்டர் 50 மீட்டர் போகும், நல்லதாக இருந்தால் 100 மீட்டர் வரை போகும். தகரக் கொட்டகை, கான்கிரீட் சுவர், மழையில் நனைந்த தென்னை ஓலை, வாழைத் தோப்பு எல்லாமே சிக்னலைத் தின்னும். ஆடியில் வெயிலடிக்கும்போது எட்டிய தூரம் கார்த்திகையில் எட்டாது. முடிந்தால் மழை நாளில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

பையையும் ரவுட்டரையும் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். இறுக்கி மூடினால் சூடாகும். திறந்து வைத்தால் எறும்பும் பல்லியும் குடியேறும்.

5. ரவுட்டரை அமைப்பது

ரவுட்டரின் பின்பக்கத்தில் சின்னத் துளை இருக்கும். உள்ளே ஊசியை விட்டுப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் பழைய அமைப்புகள் அழியும். பிறகு போனிலோ மடிக்கணினியிலோ அதன் வைஃபையில் இணைந்து, பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். முகவரியும் கடவுச்சொல்லும் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும்.

வைஃபைக்கு ஊர்ப் பெயரையே வைத்துவிடுங்கள், தேடிக் கண்டுபிடிக்க எளிது. கடவுச்சொல் எட்டு எண்கள் போதும். வயதானவர்கள் சிறிய பெரிய எழுத்தெல்லாம் கலந்து தட்டத் திணறுகிறார்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் ஓடட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனால் தூரம் குறைவு, சுவரை அவ்வளவாக ஊடுருவாது. நமக்கு வேகம் தேவையே இல்லை.

விருந்தினர் வைஃபை என்று ஒரு வசதி இருக்கும். அதைப் பயன்படுத்த வேண்டாம். அதில் இணைந்த போன்கள் பையைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்துவிடும். தனிமைப்படுத்தல் (isolation) என்ற வேறொரு அமைப்பும் இதையே செய்யும், அதுவும் அணைந்திருக்க வேண்டும். போன் இணைகிறது, ஆனால் செயலி சர்வரைக் காணவில்லை என்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

6. கார்டும் சர்வரும்

மடிக்கணினியில் ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளை நிறுவி, கார்டில் டெஸ்க்டாப்போடு கூடிய ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸை எழுதுங்கள். எழுதும் முன் பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம், நாடு எல்லாம் கேட்கும். நாடு இந்தியா என்று கொடுங்கள், வைஃபைக்கு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுங்கள்.

கார்டைப் பையில் போட்டு ஏற்றி, ஹாட்ஸ்பாட் வழியாக எல்லா மேம்படுத்தல்களையும் முடித்துவிடுங்கள். அப்புறம் மென்பொருள் சேர்க்கும் கருவியைத் திறந்து ‘மம்பிள்’ (mumble) என்ற குரல் பேச்சு மென்பொருளை ஆங்கிலத்தில் தேடுங்கள். அதில் மம்பிள், மம்பிள்-சர்வர் என இரண்டு தொகுப்புகள் வரும். இரண்டையும் நிறுவுங்கள். முதலாவது, இந்தப் பையிலிருந்தே நிர்வாகம் செய்வதற்கு.

ஏன் மம்பிள்? பிரவுசரில் ஓடும் அரட்டை மென்பொருள்கள் இருக்கின்றன, போனில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் பாதுகாப்புச் சான்றிதழ் (இது இன்ன சர்வர்தான் என்று காட்டும் அடையாளக் கோப்பு) இல்லாத பக்கத்துக்கு பிரவுசர்கள் மைக் கொடுப்பதில்லை. பெரிய அரட்டைச் சர்வர்கள் சிலவற்றுக்கு அந்தச் சான்றிதழை வாங்கவும் புதுப்பிக்கவும் இணையம் வேண்டும். மம்பிள் தனக்கான சான்றிதழைத் தானே உருவாக்கிக்கொள்ளும், பையை லேசாகத்தான் உழைக்கவைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊரில் அவசரத்தில் தமிழ் தட்டுபவர் குறைவு. குரல்தான் எல்லோருக்கும் வரும்.

சான்றிதழ் உருவாவது சர்வர் முதன்முதல் ஓடும்போது. பை 3-லும் 4-லும் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது, நேரத்தை இணையத்திலிருந்துதான் பிடிக்கும். அதனால் நிறுவும் முன் திரையின் மூலையில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தேதியில் சான்றிதழ் உருவானால் பின்னால் தேவையில்லாத எச்சரிக்கைகள் வரும்.

அடுத்து நிர்வாகி கடவுச்சொல். கட்டளை தட்டும் திரையான டெர்மினலைத் திறந்து, ‘சூடோ’ என்று அடித்து இடைவெளி, பிறகு ‘டிபிகேஜி’ ஹைஃபன் ‘ரீகான்ஃபிகர்’, இடைவெளி, ‘மம்பிள்’ ஹைஃபன் ‘சர்வர்’. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில்: sudo dpkg-reconfigure mumble-server மூன்று கேள்வி வரும். பை எழும்போது சர்வரும் எழ வேண்டுமா என்பதற்கு ஆம். முன்னுரிமை வேண்டுமா என்பதற்கும் ஆம். மூன்றாவதாகக் கடவுச்சொல் கேட்கும். அதை ஒரு நோட்டில் எழுதி, பெட்டிக்குள் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

7. ஒரு வரி மாற்றம்

மம்பிளில் ஒரு தடை ஏற்பாடு உண்டு. ஒரே முகவரியிலிருந்து 120 நொடிக்குள் 10 முறை இணைய முயற்சி வந்தால், அந்த முகவரியை 300 நொடி தள்ளிவைக்கும். இணையத்தில் அது நல்ல பாதுகாப்பு. நம் சூழலில், சிக்னல் ஓரத்தில் நின்று விட்டு விட்டு இணையும் போன்தான் அதில் மாட்டும். அந்தப் போன்காரருக்குத்தான் உதவி அதிகம் தேவைப்படும்.

சர்வரின் அமைப்புக் கோப்பு (mumble-server.ini) ஈடிசி (etc) என்ற அடைவுக்குள் இருக்கும். தானியங்கித் தடையின் முயற்சி எண்ணிக்கை (autobanAttempts) என்ற வரியைத் தேடி, 10 என்பதை 0 ஆக்குங்கள். வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி இருந்தால் அதை நீக்க வேண்டும். அது இருக்கும்வரை சர்வர் அந்த வரியைப் படிக்கவே படிக்காது. கோப்பை நிர்வாக உரிமையோடு திறந்தால்தான் சேமிக்கும். சேமித்தபின் பையை அணைத்து ஏற்றுங்கள்.

அதே கோப்பில் வரவேற்பு வாசகம் (welcometext) இருக்கும். இணைந்தவுடன் எல்லோருக்கும் தெரிவது அது. “பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசவும். பெயர், இடம் சொல்லி ஆரம்பிக்கவும்” என்று தமிழில் எழுதிவையுங்கள்.

8. பையையும் ரவுட்டரையும் சேர்ப்பது

லேன் கேபிளால் இரண்டையும் இணையுங்கள். கேபிளை ரவுட்டரின் லேன் துளையில் சொருகுங்கள். நிறம் மாறித் தனியாக இருக்கும் துளை வெளி இணையத்துக்கானது, அதில் சொருகினால் வேலை செய்யாது. இணைத்த பிறகு பையின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் பைக்கு இரண்டு முகவரி இருக்கும், தவறானதைக் குறித்துக்கொள்வீர்கள்.

இனி ரவுட்டர் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற இடத்துக்குப் போய், பைக்கு நிலையான ஒரு முகவரி கொடுங்கள். 192.168.1.10 மாதிரி நினைவில் நிற்பதாக இருக்கட்டும் (ரவுட்டரின் முகவரி 192.168.0.1 என்றால் 192.168.0.10). இதைச் செய்யாவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகு முகவரி மாறும், எல்லாப் போனிலும் திரும்ப எழுத வேண்டிவரும்.

9. பேச்சு அறைகள்

பையில் உள்ள மம்பிளைத் திறந்து, ‘சூப்பர்யூசர்’ (SuperUser) என்ற பெயரில் நிர்வாகியாக நுழையுங்கள். பெயரை ஆங்கிலத்தில், எஸ், யூ இரண்டையும் பெரிய எழுத்தாக, இடைவெளியில்லாமல் அடிக்க வேண்டும்.

இங்கேதான் ஆர்வம் அளவு கடக்கிறது. சாப்பாடு, மருந்து, படகு, மாடு, மகளிர் குழு என்று எட்டு அறை திறக்கிறார்கள். மம்பிளில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு அறையில்தான் இருக்க முடியும், அந்த அறையில் பேசுவது மட்டுமே காதில் விழும். எட்டு அறையில் எட்டுப் பேர் தனித்தனியாக நின்று “யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு போதும். எல்லோரும் இருக்க பொது, நீண்ட பேச்சுக்கு ஒதுங்கிப் போக தனி.

10. போன்கள்

ஆண்ட்ராய்டில் மம்லா (Mumla) என்ற செயலி வேண்டும். எஃப்-டிராய்டு (F-Droid) என்ற செயலிக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் நிறுவல் கோப்பை ஒரு போனில் இறக்கி வைத்துக்கொண்டால், புளூடூத் வழியாக மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அறியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதி கேட்கும், கொடுங்கள். வேலை முடிந்ததும் அந்த அனுமதியைத் திரும்ப அணைத்துவிடுங்கள்.

செயலியில் சர்வர் முகவரியாகப் பைக்குக் கொடுத்த 192.168.1.10 மாதிரியான முகவரி, துறைமுக எண்ணாக (port) 64738, அப்புறம் பெயர். பெயருக்குள் இடைவெளி வேண்டாம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் தெருவையும் சேர்த்து எழுதுங்கள். முதல்முறை சான்றிதழை நம்பலாமா என்று கேட்கும், நம்புவதாகச் சொல்லுங்கள். இது நீங்களே உருவாக்கிய சான்றிதழ். பேச்சு முறையை ‘அழுத்திப் பேசு’ என்று மாற்றுங்கள். மைக் திறந்தே கிடந்தால் ஒரே கூடத்தில் இருக்கும் பத்துப் போனும் ஒன்றையொன்று கேட்டு இரைச்சல் எழும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. வைஃபையில் இணைந்ததும், இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரலாமா என்று போன் கேட்கும். பார்த்தவர் பயந்து ‘வேண்டாம்’ என்று தட்டிவிடுவார். அல்லது வைஃபைக் குறிமேல் சின்ன ஆச்சரியக்குறியைப் பார்த்து, “இது வேலை செய்யலண்ணே” என்று அணைத்துவிடுவார். ‘ஆம்’ என்று தட்டி, மறுபடி கேட்காதே என்ற கட்டத்திலும் குறி போட வேண்டும் என்பதை ஒவ்வொருவர் கையிலும் போனைக் கொடுத்துச் செய்யவையுங்கள். நீங்களே வாங்கிச் செய்து கொடுத்தால் அன்றைக்கு அவர்களுக்கு நினைவிருக்காது.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. போனை விமானப் பயன்முறையில் போட்டு, பிறகு வைஃபையை மட்டும் திறப்பது. மொபைல் டேட்டா பக்கம் போன் தாவாது. டவர் இல்லாத ஊரில் போன் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்க்கும், அதுவும் நிற்கும். டவர் திரும்பியதா என்று பார்க்க ஒரே ஒருவர் போன் மட்டும் சாதாரண நிலையில் இருக்கட்டும்.

மம்லாவுக்கு பேட்டரிச் சிக்கனத்திலிருந்து விலக்கு கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போன் அதை மூடிவிடும்.

11. பேசும் ஒழுங்கு

இந்தச் சர்வர் எதையும் சேமித்து வைக்காது. எழுத்துச் சேதிகூட அந்த நேரத்தில் அறையில் இருப்பவருக்கு மட்டுமே போகும். பத்து நிமிடம் கழித்து வந்தவருக்கு எதுவும் தெரியாது. அதனால் ஒருவர் நோட்டும் பேனாவுமாக பையின் பக்கத்தில் உட்கார வேண்டும். நேரம், யார், எங்கிருந்து, என்ன தேவை, என்ன ஆனது. மகளிர் குழுவில் கணக்கு எழுதும் அக்கா யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள்.

டெல்டாவில் மழை நாளில் வேகமாகப் பரவும் வதந்தி, கரை உடைந்துவிட்டது என்பதுதான். வெண்ணாற்றிலோ கொள்ளிடத்திலோ உடைப்பு என்று ஒருவர் சொன்னால், ஒரு கூடம் முழுக்கக் கிளம்பிவிடும். கண்ணால் பார்த்தவர் மட்டும்தான் சொல்ல வேண்டும், எந்த இடம், எப்போது பார்த்தது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதை ஒத்திகையிலேயே கண்டிப்பாக்குங்கள். வெளிச் செய்திக்கு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ பக்கத்தில் இருக்கட்டும். திருச்சி, காரைக்கால் வானொலியில் கேட்டதை நோட்டில் எழுதிப் பொது அறையில் படிக்கலாம்.

இது பொதுப் பேச்சு, ரகசியம் இதில் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

12. ஒத்திகை

வீட்டு மின்சாரத்திலேயே சோதித்துவிட்டு ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். எல்லாப் போனிலும் டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள். பையையும் ரவுட்டரையும் பேட்டரியில் ஏற்றுங்கள். ரவுட்டர் முதலில், இரண்டு நிமிடம் கழித்துப் பை. பை முந்திக்கொண்டால் சில சமயம் முகவரி கிடைக்காமல் நின்றுவிடும்.

பிறகு ஒருவர் போனோடு நடந்து போகட்டும். பேசிக்கொண்டே போய், குரல் உடையும் இடத்தில் நிற்கட்டும். அந்த இடத்தில் சுவரிலோ கம்பத்திலோ சுண்ணாம்பால் கோடு போடுங்கள். மழை நாளில் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால் பேசலாம்.

எட்டாத தெருவுக்கு இன்னொரு பழைய ரவுட்டரை லேன் கேபிளால் இழுக்கலாம். கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது ரவுட்டரில் முகவரி கொடுக்கும் வசதியை அணைத்து, அதன் சொந்த முகவரியை முதலாவதோடு மோதாதபடி மாற்றி, அதிலும் லேன் துளையிலேயே சொருகுங்கள். இரண்டு ரவுட்டரும் முகவரி கொடுத்தால் பாதிப் போன்கள் வழி தெரியாமல் நிற்கும்.

அணைக்கும்போது ஒயரைப் பிடுங்க வேண்டாம். மெனுவில் அணைக்கச் சொல்லி, பச்சை விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகு பிடுங்குங்கள்.

13. இரண்டாவது கார்டு

எல்லாம் ஓடிய பிறகு, பையில் உள்ள எஸ்டி கார்டு காப்பியர் கருவியால் முதல் கார்டை இரண்டாவதில் அப்படியே நகலெடுங்கள். புதிதாக நிறுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். புதிய நிறுவலில் சான்றிதழ் மாறும், எல்லாப் போனிலும் சான்றிதழ் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வரும், அறைகளும் போய்விடும். நகல் கார்டில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை, மாற்றிப் போட்டு ஏற்றினால் போதும்.

நகலையும் ஒருமுறை பையில் போட்டு ஏற்றிப் பாருங்கள். சரியாக எழுந்தால், அதைக் காகிதத்தில் சுற்றி, முகவரி, துறைமுக எண், வைஃபை கடவுச்சொல் மூன்றையும் மேலே எழுதி, பெட்டி இருக்கும் கட்டடத்துக்கு வெளியே, நம்பிக்கையான வேறொருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பவர் பேங்கையும் மினி யூபிஎஸ்ஸையும் மாதம் ஒருமுறை சார்ஜ் இறக்கி, மறுபடி ஏற்றுங்கள்.